கத்தல் பரீட்சை

அத்தியாயம் 6

மணி ஒன்றே கால். நாலு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்துவிடும்.

சாயாதேவியின் உதவியாளன் கொமரய்யாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. இரண்டே முக்கால் மணி நேரத்தில் குற்றவாளியைப் பிடி என்றால் சரி, ஓடியாடிப் பிடித்துவிடலாம். இங்கே என்னடாவென்றால் ஆளைப் பிடித்து ஓர் அறையில் உட்கார வைத்தாகிவிட்டது. 'ஆமாம், இவன்தான்' என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். தாலி கட்டி முடிந்தது, அட்சதை மட்டும் போட்டுவிட்டுப் போங்கள் என்கிற மாதிரி.

"உட்காருங்க மேடம்," என்றார் விட்டல் பாபு நாலாவது தடவையாக. பட்டான்செருவில் பதினாறு ஏக்கரில் நிற்கும் வைஜயந்த் ரெமெடீஸின் முதலாளி. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் அவருடைய பெரிய சரக்கு. ஒரு மணி நேரத்தில் மூன்று காபி குடித்திருந்தார், மூன்று கோப்பையும் மேஜையிலேயே இருந்தன.

"உட்கார்ந்தா எனக்கு மூளை நின்னுடும். நீங்க சொல்லுங்க." சாயாதேவி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் வணிகவரித் துறையில் கிடங்கு கிடங்காக ஏறி இறங்கிச் சோதனை போட்ட கால்கள். வேலையை விட்டு ஹிமாயத்நகரில் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் அவை நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை.

"எங்க ஆபீஸ்ல நாற்காலியே ஒண்ணுதான் சார்," என்றான் கொமரய்யா. "அது எனக்கு."

விட்டல் பாபு சிரிக்கவில்லை. பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்ற டாக்டர் முகுந்த ராவும் சிரிக்கவில்லை. அவர்தான் சோதனைக் கூடத்தின் தலைவர். கையில் டைப் அடித்துத் தயாராக வைத்த ரிப்போர்ட். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால், பிரசவ ஆஸ்பத்திரி வாசல்தான் ஞாபகம் வந்தது.

"விஷயம் சிம்பிள் மேடம்," என்றார் டாக்டர். "சிரப்பைச் சூட்டுல வெச்சு, கெடுதா இல்லையான்னு மாசக்கணக்கா சோதிக்கிறோம். அந்த அறையோட சூடு, ஈரம், சிரப்போட அளவு, எல்லாம் எங்க டிஸ்க்ல பதிவாகுது. நேத்து வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குத் திறந்தா டிஸ்க்கையே காணோம். ரெண்டு வருஷ டேட்டா! திங்கட்கிழமை வெளிநாட்டுலேர்ந்து ஆய்வாளர்கள் வர்றாங்க."

"யார் எடுத்தாங்க?"

"ஸ்டோரேஜ் ஆளு, யாதகிரி. வேற யாருக்கும் அங்க கை வைக்கத் தெரியாது. யார் என்ன செஞ்சாங்கன்னு மெஷின் எழுதி வெக்கற லாக்ல அவன் பேரு இருக்கு. திங்கட்கிழமை காலைல பத்து பன்னிரண்டு. மெஷின் வித்த கம்பெனிக்காரன்கிட்ட போன்ல கேட்டோம். உங்க லேப் பேர்ல டிஸ்க் இல்லன்னா அழிஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம்னு சொல்லிட்டான். விசாகப்பட்டினத்துல ஒரு நகல் ஓடுது, அதுலயும் இல்ல."

"அதெப்படி, நகல்லயும் இல்லாம போகும்?"

"இங்க என்ன செஞ்சாலும் அடுத்த நொடி அங்கயும் அதையே செய்யும் மேடம். இங்க அழிஞ்சா அங்கயும் அழிஞ்சுடும்," என்றார் விட்டல் பாபு கசப்பாக. "அவ்வளவு விசுவாசம்."

"எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

முதலாளி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"டேட்டா இருந்தது, ஒரு ஊழியர் நாசம் பண்ணிட்டார்னு வெளியாள் ஒருத்தர் எழுதிக் குடுத்தா ஆய்வாளர்கள் ஒத்துப்பாங்க," என்றார் விட்டல் பாபு. "யாதகிரி ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா அத்தோட வேலையை விட்டு அனுப்பிடுவேன். போடலன்னா நாலு மணிக்குப் போலீஸ்."

சாயாதேவி கதவருகே திரும்பினாள். "கொமரய்யா, வா."

* * *

யாதகிரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பார்வையாளர் அறையில் எதிரே ஒரு தாள், தாள்மேல் ஒரு பேனா. பேனாவைத் தொடவே இல்லை. இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தார், தப்பித்தவறிக் கையெழுத்துப் போட்டுவிடுமோ என்று பயந்தவர் மாதிரி.

"அண்ணா, வணக்கம்," என்று எதிரில் உட்கார்ந்தான் கொமரய்யா. "நாங்க போலீஸ் இல்ல. போலீஸ்னா ஒரு டீயாவது வாங்கித் தந்திருப்பாங்க."

"நான் அழிக்கல தம்பி." யாதகிரி தாளைப் பார்க்காமலே பேசினார். "நேத்து ஷிப்ட் முடியற நேரம், கேன்டீன்ல முந்நூறு பேர் எதிர்ல 'இவன்தான் நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவன்'ன்னு முதலாளி கையைக் காட்டிச் சொன்னாரு. பாஸ்வேர்டைப் பிடுங்கிட்டாங்க. ஒரு தடவை உள்ள போய்ப் பார்க்கிறேன்னு கெஞ்சினேன். விடல. பத்தொன்பது வருஷம் தம்பி! ஒரு ஃபைல் தொலைஞ்சதில்ல என் கையில."

சாயாதேவி அறையைச் சுற்றி நடந்தாள். "உங்க வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"தண்ணித் தொட்டிம்மா," என்றார் யாதகிரி. வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முதுகு நிமிர்ந்தது. "இங்க இருக்கற எந்தக் கம்ப்யூட்டர்லயும் சொந்தமா ஒண்ணும் கிடையாது. கணக்கு, சம்பளம், லேப், அனுப்பற சரக்கு, எல்லாருக்கும் பொதுவா கீழ ஒரு பெரிய தொட்டி. அதுல ஆளுக்கொரு அறை தடுத்து, அறைக்கொரு குழாய் விட்டிருக்கு. யார் வீட்டுக்கு எந்தக் குழாய்னு பார்த்து விடறதுதான் என் பொழைப்பு. ஒருத்தர் தண்ணி இன்னொருத்தர் வீட்டுக்குப் போகக் கூடாது, ஒருத்தர் தண்ணியும் வத்தக் கூடாது."

"திங்கட்கிழமை பத்து பன்னிரண்டுக்கு என்ன பண்ணீங்க?"

"பதினொரு குழாய மூடினேன்." ஒளிக்கவில்லை. "எல்லாம் மூடின பொல்லாரம் பிளான்ட்டோட பழைய சரக்கு. தொட்டி நிறைஞ்சு போச்சு, இடம் வேணும். தொண்ணூறு நாளா அந்தப் பதினொண்ணுலயும் ஒரு சொட்டுப் போகல, வரல. சரி, யாரும் இல்லாத வீடுன்னு மூடினேன். ஆனா லேப் குழாய நான் தொடவே இல்லம்மா!"

"மூடறதும் அழிக்கறதும் ஒண்ணா?"

"ஐயோ, அதெப்படி! குழாய மூடினா தண்ணி தொட்டியிலயேதான் இருக்கும். அழிக்கறதுன்னா தண்ணியக் கீழ கொட்டறது. எங்க ஆளுங்க யாரும் எடுத்த எடுப்புல கொட்ட மாட்டாங்க. முதல்ல மூடுவோம். பத்து நாள் காத்திருப்போம். யாருக்காவது அது வேணும்னா வந்து கத்துவாங்கள்ல? கத்தினா திறந்து விட்டுட்டு மன்னிப்புக் கேட்போம். பத்து நாளும் யாரும் கத்தலன்னாதான் அழிப்போம். கத்தல் பரீட்சைன்னு பேரு."

கொமரய்யாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்க தெருவுல கரண்ட் ஆபீஸ்காரங்க இதைத்தான் செய்றாங்க அண்ணா. ஆனா மன்னிப்புக் கேட்கறதில்ல."

யாதகிரி முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "போன வருஷம் தப்பா கேன்டீன் கூப்பன் குழாய மூடிட்டேன். எட்டே நிமிஷம் தம்பி. சமையல்காரர் கரண்டியோட என் ரூம் வாசல்ல நிக்கிறாரு."

"மூடறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவங்களைக் கேட்கணும்னு விதி இல்லையா?" சாயாதேவி நடந்துகொண்டே கேட்டாள்.

யாதகிரி தலையைக் குனிந்தார். "இருக்கும்மா. மெயில் போட்டுக் கேட்கணும். பிளான்ட்டே மூடிக் கிடக்கு, பூட்டுக்கா மெயில் போடறதுன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான். அதை ஒத்துக்கறேன். இதை ஒத்துக்க மாட்டேன்." முகவாயால் தாளைக் காட்டினார்.

வெளியே வந்ததும் கொமரய்யா மெதுவாகச் சொன்னான். "மேடம், இவர் பொய் சொல்லல. பொய் சொல்றவன் தன் தப்பு ஒண்ணை இலவசமா எடுத்துக் குடுக்க மாட்டான்."

"உன் நம்பிக்கையைக் கோர்ட்ல காட்ட முடியாது. மணி என்ன?"

"ரெண்டு அஞ்சு."

"நட."

* * *

சோதனைக் கூடம் இரண்டாவது மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்க சாயாதேவிக்குப் பொறுமையில்லை. படியேறியதில் கொமரய்யாவின் மத்தியானச் சாப்பாடு, கேன்டீன் சோள ரொட்டியும் பச்சைப் புளி ரசமும், நெஞ்சு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது.

"லேப் எனக்குக் கோயில் மாதிரி மேடம்," என்று டாக்டர் முகுந்த ராவ் வாசலிலேயே ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் நடந்து, அவருக்கே வழிகாட்டுகிறவள் மாதிரி சாயாதேவி உள்ளே போய்விட்டாள்.

நீளமான கூடம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சூட்டறை. சிரப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர்.

"அளவுகளைப் பதியறது இதுலதானா?"

"இதேதான். நாளைக்கு மூணு வேளை. காலை ஆறு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி பத்து. ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. போன தசராவன்னிக்குக்கூட பூஜையில குடுத்த ஜம்மி இலையைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு வந்து பதிஞ்சிருக்கேன்."

கொமரய்யா கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தான். அதன்மேல் ஃபைல் பெட்டிகள் நாலு அடுக்கு. மேல் பெட்டியில் விரலால் ஒரு கோடு இழுத்தான். கோடு நன்றாகவே விழுந்தது.

"இந்த நாற்காலியும் எங்க மேடம் ஜாதி போல. உட்காரவே விடாது," என்றான்.

டாக்டர் காதில் வாங்காத மாதிரி பேசிக்கொண்டே போனார். ஒழுங்கு, கட்டுப்பாடு, தர்மம். சாயாதேவி பீரோக்களை ஒட்டி நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பச்சைப் பெயின்ட் எழுத்து, பாதி உரிந்து. மூன்றாவது பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

கொமரய்யாவும் நின்றான். ஆறு வருஷத்தில் மேடம் தானாக நின்று அவன் நாலு தடவைதான் பார்த்திருக்கிறான். நாலு தடவையும் மறுநாள் யாரோ ஒருத்தர் வக்கீல் தேடியிருக்கிறார்.

"பொல்லாரம்னு எழுதியிருக்கே?" என்றாள்.

"பழைய பிளான்ட் மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி அதை மூடினப்ப லேபை மட்டும் அப்படியே பேர்த்து இங்க கொண்டு வந்தோம். பீரோ, கம்ப்யூட்டர், நான், எல்லாமே அங்கேருந்து வந்தவங்கதான்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

"நல்லது. என் ரிப்போர்ட்டுக்கு ஒரு சின்ன விஷயம் வேணும் டாக்டர். டிஸ்க் காணாமப் போறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ பதிஞ்சீங்க?"

"வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு. என் கையால."

"வியாழன்?"

"மூணு வேளையும்."

"திங்கள், செவ்வாய், புதன்?"

"மேடம், மூணு வேளைன்னா மூணு வேளை! ஒரு வேளை தவறினா எனக்குத் தூக்கம் வராது."

"அதை எழுதிக் குடுத்துடுங்க. திங்கள்லேர்ந்து வெள்ளி காலை வரைக்கும், இன்ன டிஸ்க்ல, இன்ன நேரத்துல பதிஞ்சேன்னு. டேட்டா இருந்ததுக்குச் சாட்சியே உங்க கையெழுத்துதானே."

டாக்டருக்கு முகமெல்லாம் பல். நாலு வண்ணப் பேனாவை எடுத்து, கறுப்பைத் தேர்ந்தெடுத்து, மணிமணியான எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். கீழே ரப்பர் முத்திரைகூடக் குத்தினார்.

படியிறங்கும்போது கொமரய்யா பொறுக்க முடியாமல் கேட்டான். "எதிர்க்கட்சிக்காரர்கிட்டப் போய் சாட்சி எழுதி வாங்கிட்டு வரீங்களே மேடம்? நாம யார் பக்கம்?"

"முதலாளியோட இரும்புப் பெட்டியில ஒரு உறை இருக்குமே, பெரிய பாஸ்வேர்டு போட்டு அரக்கு வெச்சது. எல்லாக் கம்பெனியிலயும் இருக்கும். அதை எடுக்கச் சொல்லு. யாதகிரியையும் கூட்டிட்டு வா."

"குடுப்பாரா?"

"டேட்டா திரும்பக் கிடைக்கும்னு சொல்லு. பெட்டியையே குடுப்பாரு."

* * *

மூணு பத்து. விட்டல் பாபுவின் அறையில் அரக்கு உடைந்தது.

பெட்டியையே கொடுப்பார் என்று மேடம் சொன்னது சும்மா இல்லை. 'கிடைக்கும்' என்ற வார்த்தையைக் கேட்டதும் மனிதர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் ஒரு காபிக் கோப்பை உருண்டது. டாக்டர் மட்டும் "இவனை மறுபடி மெஷின்ல உட்கார வைக்கிறது ஆபத்து சார்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

யாதகிரி முதலாளியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் வரிசையாகப் பெயர்கள் ஓடின.

"திங்கட்கிழமை மூடின பதினொண்ணையும் காட்டுங்க," என்றாள் சாயாதேவி.

காட்டினார். பொல்லாரம் கணக்கு, பொல்லாரம் கேட், பொல்லாரம் பாய்லர்... ஏழாவது வரியில் விரல் நின்றது.

பொல்லாரம் லேப்.

"அடக் கடவுளே," என்றார் யாதகிரி. "லேப் இங்க வந்தப்ப பேரை மாத்தவே இல்லையா? அப்ப நான்... நான்தான் மூடியிருக்கேனா?"

"பீரோவுல பெயின்ட்டையே மாத்தல, இதை யார் மாத்தப் போறாங்க?" என்றான் கொமரய்யா. "கம்பெனிக்காரன் புதுப் பேரைத் தேடியிருக்கான். இல்லன்னதும் காரியம் முடிஞ்சதுன்னு பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கே இலை போட்டுட்டான்."

"திறந்து விடுங்க," என்றாள் சாயாதேவி.

யாதகிரி தட்டினார். பத்து நொடி. திரையில் ஃபைல்கள் மழை மாதிரி இறங்கின. இரண்டு வருஷம், ஒன்றுகூடக் குறையாமல்.

விட்டல் பாபு சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டார். "இருக்கு! எல்லாம் இருக்கு! யாதகிரி, நீ... ஐயோ, நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்! டாக்டர், பாருங்க, எல்லாம் இருக்கு!"

டாக்டர் பார்க்கவில்லை. அவர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். இந்த ஏசியில் அந்த மனிதருக்கு வேர்த்தது.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் சாயாதேவி. அவள் இப்போது நடக்கவில்லை. "குழாய மூடினது திங்கட்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு. மூடின குழாய்ல எழுத முடியுமா யாதகிரி?"

"ஒரு எழுத்துகூட முடியாதும்மா."

"டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் குடுத்திருக்காரு. திங்கள் மத்தியானம், ராத்திரி. செவ்வாய் மூணு வேளை. புதன் மூணு. வியாழன் மூணு. வெள்ளி காலை ஒண்ணு. பன்னிரண்டு தடவை." தாளை மேஜைமேல் வைத்தாள். "கேன்டீன் குழாய மூடினா எட்டு நிமிஷத்துல கத்தறாங்க. லேப் குழாய மூடினா நாலு நாள் மூச்சே இல்ல. இல்லாத டிஸ்க்ல பன்னிரண்டு தடவை எதை டாக்டர் எழுதினீங்க?"

டாக்டர் தாளை எடுக்கக் கை நீட்டினார். சாயாதேவி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கடைசியா எழுதின தேதி என்ன யாதகிரி?"

யாதகிரி பார்த்தார். மறுபடி பார்த்தார். "ஜூன் மூணாம் தேதி." விரலில் மாதங்களை எண்ணினார். "இன்னிக்கு செப்டம்பர் இருபது. அதனாலதான் தொண்ணூறு நாளா ஒரு சொட்டும் போகல. நான் காலி வீடுன்னு நினைச்சதுல தப்பே இல்லம்மா. வீடு நிஜமாவே காலியாத்தான் இருந்திருக்கு."

"அளவு பதிஞ்சுக்கிட்டிருந்த பையன் ஜூன்ல வேலையை விட்டுப் போயிட்டான்!" டாக்டர் வெடித்தார். "பதியறதுக்கு வேற ஆள் கேட்டேன் சார் உங்ககிட்ட! ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன். இந்த வருஷம் ஆள் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் ஒருத்தன் எத்தனை வேலை பார்க்க? வெள்ளிக்கிழமை உட்கார்ந்து மூணு மாசத்தையும் ஒரே மூச்சா நிரப்பிடலாம்னு திறந்தேன். டிஸ்க் இல்ல. எனக்கு முதல்ல பயம் வந்துச்சு. அப்புறம்..." நிறுத்திவிட்டார்.

"அப்புறம் நிம்மதி வந்துச்சு," என்றான் கொமரய்யா. "நிரப்பற வேலையும் மிச்சம், பழி போட ஒரு ஆளும் ரெடி."

விட்டல் பாபு உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கைதட்டியவரின் முகத்தில் கணக்கு ஓட ஆரம்பித்தது கொமரய்யாவுக்குத் தெரிந்தது. டேட்டா இல்லையென்றால் ஓர் ஊழியனின் நாசவேலை. டேட்டா இருந்தால் மூன்று மாதம் சோதிக்காமல் விற்ற குழந்தை மருந்து.

"மேடம், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

"நாலு மணி வரைக்கும் கூலி பேசியிருக்கீங்க. இப்ப மூணு இருபத்தஞ்சுதான்," என்றாள் சாயாதேவி. அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விட்டல் பாபு அவளை விட்டுவிட்டு யாதகிரியிடம் திரும்பினார். குரல் தேன் மாதிரி குழைந்தது.

"யாதகிரி, நீ நம்ம ஆளு. பத்தொன்பது வருஷம். இப்ப அதை நிஜமாவே அழிச்சுடு. இங்கயும் அங்கயும் போயிடும். மெஷின் கோளாறுன்னு எழுதிக்கறேன், உன் பேரே வராது. போலீஸ் கிடையாது. அடுத்த மாசத்துலேர்ந்து நீதான் கம்ப்யூட்டர் பிரிவுக்கே தலைவர். என்ன சொல்றே?"

கொமரய்யாவுக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் அந்த மனிதரின் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும். காலையிலிருந்து பேனாவைத் தொடாத அந்த விரல்கள் இப்போது பட்டன்களின் மேல் இருந்தன.

யாதகிரி எதையோ தட்டினார். தட்டிவிட்டு எழுந்து நின்று, கீபோர்டை முதலாளி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"என்ன இது?"

"அழிக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும் சார். ஒருத்தர் கேட்கணும், இன்னொருத்தர் சரின்னு சொல்லணும். நீங்க கேளுங்க. உங்க பேரும், எதுக்கு அழிக்கணும்ங்கற காரணமும் அந்தக் கட்டத்துல எழுதணும். நீங்க எழுதினதை ஏழு வருஷத்துக்கு அந்த மெஷின் வெச்சிருக்கும். நான் நினைச்சாலும் அதை அழிக்க முடியாது, அதை வித்தவன் நினைச்சாலும் முடியாது. எழுதுங்க சார். அப்புறம் நான் சரின்னு சொல்லணுமா வேணாமான்னு யோசிக்கறேன்."

விட்டல் பாபுவின் கை கீபோர்டு வரைக்கும் வந்தது. திரையில் கட்டம் காலியாக இருந்தது, ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பிப் போய்ச் சட்டைப்பைக்குள் நுழைந்துகொண்டது.

"நல்ல முடிவு சார்," என்றாள் சாயாதேவி. "அந்த சிரப் இன்னிக்கு எத்தனை லாரியில ஏறியிருக்கு?"

"...ரெண்டு."

"நிறுத்துங்க. திங்கட்கிழமை வர்றவங்ககிட்ட ஜூன்லேர்ந்து சோதிக்கலன்னு நீங்களா சொன்னா கம்பெனி அடி வாங்கும். அவங்களா கண்டுபிடிச்சா கம்பெனியே இருக்காது. அது உங்க பாடு. என் ரிப்போர்ட்ல நடந்தது நடந்தபடி இருக்கும்."

விட்டல் பாபு போனை எடுத்தார். லாரிகளை நிறுத்தச் சொன்னார். பிறகு போலீஸுக்குப் பேசி, வர வேண்டாம், தப்பாகப் புரிந்துகொண்டோம் என்றார். பிறகு மேஜையில் கிடந்த ஒப்புதல் தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இதெல்லாம் செய்து முடித்ததும் எல்லாம் தீர்ந்துவிட்ட மாதிரி யாதகிரியைப் பார்த்தார்.

"போயிட்டு வா யாதகிரி. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

யாதகிரி நகரவில்லை.

"சார், என் சம்சாரம் இன்னிக்குக் காலைல வாசல் வரைக்கும் வந்தா. 'நிஜமா நீங்க செய்யலைதானே'ன்னு கேட்டா. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்துல என்னை அவ அப்படிக் கேட்டதே இல்ல. போலீஸ் வந்திருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது." கண்ணைத் துடைக்கவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, முதலாளி முன்னால் நீட்டினார். "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"ஹலோ? ஏங்க, என்ன ஆச்சு?" பெண் குரல் பதறியது.

விட்டல் பாபு போனை வாங்கினார். "அம்மா, நான் விட்டல் பாபு பேசறேன், கம்பெனியிலேர்ந்து. உங்க வீட்டுக்காரர் எதையும் அழிக்கலம்மா. எல்லாம் பத்திரமா இருக்கு. அவர்மேல நான் தப்பாப் பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தான் கொமரய்யா. ஆனால் குரல் வந்தபோது அதில் அழுகை இல்லை.

"இதை எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? நேத்து முந்நூறு பேர் எதிர்லதானே பழி போட்டீங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மூணு ஐம்பது. கீழே கேன்டீன் பக்கம் ஷிப்ட் மாறுகிற இரைச்சல் கேட்க ஆரம்பித்திருந்தது. விட்டல் பாபு டாக்டரைப் பார்த்தார், சாயாதேவியைப் பார்த்தார். இரண்டு பேரும் உதவவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"வா யாதகிரி," என்றார் தரையைப் பார்த்தபடி.

கொமரய்யா ஓடிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தான். விட்டல் பாபு நின்று வழிவிட்டார். யாதகிரி முன்னால் போனார்.